பாதி அறபு தெரிந்தவர் எங்கே போய்ப் படிப்பது? தோஹா, கெய்ரோ, அம்மான், இர்பித்

தம்பியின் மகள் போன மாதம் ஒரு கேள்வியோடு வந்து நின்றாள். பெண்கள் அறபுக் கல்லூரியில் ஐந்து வருடம் ஓதிவிட்டு இப்போது ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அறபு மொழி படிக்கிறாள். "மாமி, ஒரு வருசம் வெளியில போய்ப் படிச்சா பேச்சு வந்துடும் எண்டு எல்லாரும் சொல்றாங்க. எங்க போறது?" கையில் ஒரு கொப்பி, அதில் நாலு நாட்டுப் பெயர், ஒவ்வொன்றின் கீழும் காசுக் கணக்கு. காசை மட்டும் எழுதியிருந்தாள். அதுதான் பிழை என்று சொல்ல ஆரம்பித்து ராத்திரி பதினொரு மணியாகிவிட்டது. அன்றைக்குச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் காத்தான்குடியிலும் இதே கொப்பியோடு இருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர்.

நான் நிந்தவூர். பாடசாலையில் அறபு படிப்பிக்கிறேன். 2018 தொடக்கத்தில் சம்பளமில்லா லீவு போட்டு, காப்பு இரண்டையும் அடகு வைத்துவிட்டு, அம்மானில் நாலு மாதம் இடைநிலை வகுப்பில் இருந்தேன். அதனால் அம்மானைப் பற்றி அனுபவித்ததைச் சொல்கிறேன், மற்ற ஊர்களைப் பற்றி அங்கே படித்த கூட்டாளிகளிடம் கேட்டதையும் தேடி வாசித்ததையும் வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இடைநிலை என்றால் என்ன என்பதில் நமக்கும் அந்தப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கான வகுப்புகளில் இடைநிலை என்றால் ஒருவர் கல்லூரியில் இரண்டு வருடமளவு அறபு படித்திருப்பார், சந்தையில் சாமான் வாங்கத் தெரியும், தன் குடும்பத்தைப் பற்றிப் பத்து வசனம் பேசுவார், இலக்கணத்தில் தடுமாறுவார். நம் மதரஸாப் பிள்ளை இதற்கு நேர் எதிர். நஹ்வும் ஸர்ஃபும் (வசன இலக்கணமும் சொல் இலக்கணமும்) தலைகீழாகத் தெரியும், ஒரு வசனத்தைக் கொடுத்தால் கடைசி எழுத்து வரைக்கும் இஃராப் (சொல்லின் வேற்றுமை விளக்கம்) சொல்லும், குர்ஆன் மதரஸாவில் சின்ன வயதிலேயே மஃக்ரஜ், அதாவது எழுத்து பிறக்கும் இடம், திருந்தியிருப்பதால் ஐன், ஹா எழுத்துகள் வெள்ளைக்காரர்களைப் போலத் தொண்டையில் சிக்காது, கிதாபு, சபுர், மௌத்து, நசீபு என்று நூற்றுக்கணக்கான சொற்கள் நம் தமிழிலேயே கிடக்கின்றன. ஆனால் ஒரு பிளேன்டீ கேட்கச் சொன்னால் வாய் அடைத்துவிடும்.

எனக்கு அதுதான் நடந்தது. எழுத்துத் தேர்வில் நல்ல புள்ளி வந்ததும் உயர்நிலையில் போட்டுவிட்டார்கள். முதல் நாள் எல்லாரும் தேர்தலைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்க, நான் மட்டும் ஊமை. மூன்றாம் நாள் நானே போய்க் கேட்டு ஒரு படி இறங்கினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நாலு மாதத்தில் நான் எடுத்த நல்ல முடிவு அது ஒன்றுதான். எந்த நாட்டுக்குப் போனாலும் வாய்மொழித் தேர்வையும் வைக்கச் சொல்லி, பேச்சுக்கு எந்த மட்டம் வருகிறதோ அதில் உட்காருங்கள். சில இடங்களில் இலக்கணத்துக்கு ஒரு மட்டம், பேச்சுக்கு இன்னொரு மட்டம் என்று பிரித்தும் தருவார்கள்.

அடுத்து ஒரு கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக ஆட்களுக்கு மொழி படிப்பிக்கும்போது அறபுக்கு 88 வாரம், 2,200 வகுப்பு மணித்தியாலம் ஒதுக்குகிறது. இங்கிலீஷ் பேசுபவர்களுக்கான கணக்கு அது, நமக்குக் கொஞ்சம் குறையலாம். வாரம் 20 மணித்தியாலம் வகுப்பு, 15 வாரத் தவணை என்றால் உங்களுக்குக் கிடைப்பது 300. அதே 15 வாரத்தில் வகுப்புக்கு வெளியே நீங்கள் விழித்திருக்கும் நேரம் 1,300க்கு மேல். நீங்கள் கட்டும் காசெல்லாம் அந்த 300க்குப் போகிறது, ஆனால் பேச்சு வருவதும் வராததும் மற்ற 1,300ல் இருக்கிறது. ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வகுப்பு முடிந்து வெளியே வந்தால் தெருவில் என்ன மொழி, அறைக்குள் என்ன மொழி என்று மட்டும் பாருங்கள். நான் நாடுகளை ஒப்பிடுவது இந்த ஒரு கோலை வைத்துத்தான்.

தோஹாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தம்பிக்குப் பிடித்தது அதுதான். கட்டார் பல்கலைக்கழகத்தில் அறபு தாய்மொழி அல்லாதவர்களுக்கு ஒரு கல்வியாண்டுத் திட்டம் இருக்கிறது, புலமைப்பரிசில் கிடைத்தால் படிப்பும் விடுதியும் விமானச் சீட்டும் அவர்கள் செலவு. பெண்களுக்கும் ஆண்களுக்கும் வளாகம் தனித்தனி. ஒரு வாப்பாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? காசைப் பார்த்தால் போட்டியே இல்லை, வகுப்பின் தரத்துக்கும் குறை சொல்லக் கேட்டதில்லை. ஆனால் என் கோலை வைத்துப் பாருங்கள். அந்த நாட்டில் கட்டார்காரர்களே சிறுபான்மை. கடைக்காரர் மலையாளி, டாக்சிக்காரர் பாகிஸ்தானியோ வங்காளியோ, சுப்பர்மார்க்கெட்டில் நிற்கும் பிள்ளை பிலிப்பைன்ஸ். எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒருவர் கட்டாரில் இருந்திருக்கிறார். ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்த என் மச்சானுக்கு மலையாளம் தண்ணிபட்ட பாடு, ஹிந்தியில் பாட்டே பாடுவார், அறபில் அவருக்குச் சலாமும் குபூஸும்தான். வகுப்பில் அறபு, வாசலைத் தாண்டினால் வேறு உலகம். தோஹாவில் அறபு பேச ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். தேடிப் பிடிக்கும் குணமுள்ள பிள்ளை என்றால் சரி, என் மருமகள் அப்படி இல்லை.

சவூதியும் கிட்டத்தட்ட இதே வகைதான், காசு அவர்களுடையது. மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் அறபு மொழி நிறுவனத்துக்கு நம் ஊர்களிலிருந்து ஆண் பிள்ளைகள் எத்தனையோ காலமாகப் போகிறார்கள். அங்கே உருவாகி நம் மதரஸாக்கள் வரைக்கும் வந்திருக்கும் மூன்று பாகப் பாடநூலை எழுதியவர் வாணியம்பாடியில் பிறந்த அப்துர் ரஹீம் என்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டு மனிதர் எழுதிய புத்தகத்தில் உலகம் முழுக்க அறபு படிக்கிறது! பெண்களுக்கு ரியாதில் இளவரசி நூறா பல்கலைக்கழகத்தில் தனி நிறுவனம் இருக்கிறது. தொடர்ந்து அங்கேயே மார்க்கக் கல்வியில் பட்டம் எடுக்கும் எண்ணம் இருந்தால் சவூதிதான் முதலாவது, ஏன் வேறு யோசனை என்று கேட்பேன். ஒரு தவணையில் வாயைத் திறந்துகொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பவர்களுக்கு அது நீண்ட பாதை.

கெய்ரோவைப் பற்றித்தான் அன்றிரவு அதிகம் சண்டை பிடித்தோம்.

கெய்ரோவுக்கு மூன்று பலம். ஒன்று, மலிவு. 2024 மார்ச்சில் எகிப்து தன் நாணயத்தை மிதக்கவிட்டதும் ஒரு டொலருக்கு 31 பவுணாக இருந்தது 50ஐத் தொட்டது, டொலரைக் கொண்டு போகிறவர்களுக்கு அது வசதி, அந்த மக்களுக்குத்தான் வயிற்றில் அடி (2022ல் நாம் பட்டதுதான், சொல்ல வேண்டியதில்லை). இரண்டு, தெரிவுகள் அதிகம்: அல்அஸ்ஹரில் வெளிநாட்டவர்களுக்கான மொழி மையம், கெய்ரோப் பல்கலைக்கழகம், நஸ்ர் சிட்டிப் பக்கம் சந்துக்குச் சந்து தனியார் மையங்கள், தனி ஆசிரியரை வைத்துக்கொண்டாலும் கட்டும். மூன்று, எகிப்தியப் பேச்சை அறபு உலகம் முழுக்க விளங்கிக்கொள்ளும், சினிமாவும் பாட்டும் செய்த வேலை அது.

பலவீனமும் அதே இடத்தில்தான். நஸ்ர் சிட்டியில் நம்மவர்கள் நிறைய. நம்மவர் என்றால் தமிழ் பேசுபவர். முதல் நாளே ஒரு வீட்டில் நாலு பேராகச் சேர்ந்துகொள்வார்கள், ஒருவர் சோறாக்க ஒருவர் மீன்கறி வைக்க, ஊர்ப் புதினம் கதைத்துக் கதைத்துத் தவணை முடிந்துவிடும். என் கூட்டாளி ஒருத்தி ஒன்றரை வருடம் இருந்துவிட்டு வந்தாள், அவளுடைய அறபு போகும்போது இருந்ததைவிடப் பத்து வீதம் கூடியிருக்கலாம், சிங்களம் நன்றாகக் கூடியிருந்தது, ஏனென்றால் அறைத்தோழி மாவனல்லைக்காரி. இதில் கெய்ரோவின் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் பழகிய முகம் கிடைத்ததும் ஒட்டிக்கொள்வது மனிதக் குணம். அம்மானில் நானும் முதல் மாதம் அதைத்தான் செய்தேன்.

இன்னொன்று, உச்சரிப்பு. உள்ளத்துக்கு நாம் கல்பு என்கிறோம், கெய்ரோக்காரர் அல்ப் என்பார். ஜமீல் அங்கே கமீல். ரொட்டிக்குக் குப்ஸ் என்று படித்துக்கொண்டு போனால் அங்கே அது ஐஷ். ஓதிப் பழகிய நாக்குக்கு இது முதலில் எரிச்சலாக இருக்கும், குர்ஆன் மொழி கெட்டுப்போகிறதோ என்றுகூடச் சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. தமிழில் நாம் பிறந்ததிலிருந்து இதைத்தான் செய்கிறோம். எழுதும்போது "பிறகு", வாயில் "மறுகா". நிந்தவூர் மீன் சந்தையில் போய் "ஐயா, இம்மீனின் விலை யாது?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? தெருவில் ஃபுஸ்ஹா, அதாவது புத்தக அறபு, பேசினால் அறபிகளுக்கும் அப்படித்தான் இருக்கும். மொழிபெயர்த்த கார்ட்டூன்கள் அறபு நாடுகளில் பெரும்பாலும் ஃபுஸ்ஹாவில் வருவதால், அம்மானில் என்னைப் பார்த்து ஒரு சின்னப் பையன் "இந்த அக்கா ஏன் கார்ட்டூன் போலப் பேசுகிறா?" என்று தாயிடம் கேட்டான். தாய் அவனுடைய வாயைப் பொத்தினாள்.

ஆக, எந்த நாட்டைத் தெரிவு செய்கிறீர்கள் என்பது எந்தப் பேச்சைத் தெரிவு செய்கிறீர்கள் என்பதும்தான். "இப்போது" என்ற ஒரு சொல்லை எடுங்கள். புத்தகத்தில் அல்ஆன். வளைகுடாவில் அல்ஹீன். எகிப்தில் தில்வஅத்தி. ஜோர்தானில் ஹல்ல. மொரோக்கோவில் தாபா. மருமகளுக்குப் படிப்பு முடிந்து மொழிபெயர்ப்பு வேலை பார்க்க ஆசை, இங்கே கொழும்பில் கிடைக்கும் வேலையில் பாதி வளைகுடாவோடு சம்பந்தப்பட்டது, அப்படியென்றால் வளைகுடாப் பேச்சுத்தானே நல்லது என்று தம்பி கேட்டான். கேள்வி நியாயமானது. ஆனால் வளைகுடாப் பேச்சைப் பழக வளைகுடாக்காரர்களின் வீட்டுக்குள் போக வேண்டும், மாணவர்களுக்கு அந்தக் கதவு லேசில் திறக்காது. ஷாம் பக்கத்து (சிரியா, லெபனான், பலஸ்தீனம், ஜோர்தான்) பேச்சை வளைகுடாவிலும் எல்லாரும் விளங்கிக்கொள்வார்கள், புத்தக மொழியிலிருந்து அதற்கு ஏறிப் போகும் படியும் அவ்வளவு செங்குத்தல்ல.

மொரோக்கோவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இஃப்ரானில் அல்அகவைன் பல்கலைக்கழகம், ஃபெஸ், ரபாத் எல்லாம் நல்ல இடங்கள்தான், தாஞ்சியரில் பிறந்த இப்னு பதூதா 1344ல் நம் தீவுக்கு வந்து போயிருக்கிறார், மரியாதைக்காவது ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்க்கலாம். ஆனால் தாரிஜா என்ற அவர்களுடைய பேச்சறபில் பெர்பரும் பிரெஞ்சும் கலந்து ஓடும், மற்ற அறபிகளே விளங்கவில்லை என்பார்கள், அறபு வராமல் தடுமாறினால் கடைக்காரர் பிரெஞ்சுக்கு மாறிவிடுவார். இடைநிலைக்கு வேண்டாம். முன்பு நம் ஆட்களுக்கு டமஸ்கஸ், சன்ஆ, கார்ட்டூம் என்று மலிவான நல்ல பட்டியல் ஒன்று இருந்தது. 2011க்குப் பிறகு சிரியா போனது, அப்புறம் யெமன், 2023 ஏப்ரலில் சூடானிலும் சண்டை மூண்டது.

சரி, அம்மான்.

ஜோர்தான் பல்கலைக்கழகம் ஜுபைஹாப் பக்கம் இருக்கிறது, அதன் மொழி மையத்தில் பல மட்டங்களாக வகுப்பு. இதைத் தவிர அமெரிக்கக் கல்லூரிகள் அம்மானில் நடத்தும் திட்டங்களும் உண்டு. மிடில்பெரி கல்லூரியின் திட்டத்தில் மாணவர்கள் படிக்கும் மொழியைத் தவிர வேறொன்றும் பேசமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டணங்கள் டொலரில், நமக்குச் சரிவராது. ஆனால் அந்தக் கையெழுத்துக்குக் காசில்லை. நான் இரண்டாம் மாதத்திலிருந்து எனக்கு நானே அதைப் போட்டுக்கொண்டேன், வீட்டுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் கோல் எடுப்பேன் என்று உம்மாவிடம் சொல்லி அழவும் வைத்தேன்.

முதல் மாதம் மூன்று இலங்கைப் பிள்ளைகளோடு ஒரு விடுதியில். நல்ல பிள்ளைகள், நல்ல சமையல், அறபு பூச்சியம். பிறகு ஒரு விதவைத் தாயின் வீட்டில் அறை எடுத்தேன். அங்கேதான் எனக்கு அறபு வந்தது, குசினியில். மக்லூபாச் சோற்றுச் சட்டியைக் கவிழ்க்கும்போது, ஸஃதர் இலை பொறுக்கும்போது, வெங்காயம் உரிக்கும்போது. நான் "உரீது அன் அஷ்ரப" (குடிக்க விரும்புகிறேன்) என்று புத்தக அறபில் தொடங்கினால் அந்தம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு, "பித்தி அஷ்ரப் எண்டு சொல்லு, யா பின்த்தி" என்பார், பத்துத் தரம் சொல்ல வைப்பார். பின்த்தி என்றால் மகள். நம் பக்கத்துப் பெண்கள் யாரைப் பார்த்தாலும் மகள் என்று கூப்பிடுவது போலத்தான், கேட்டதும் கண் நிறைந்துவிட்டது. குளிர் வேறு. கடற்கரை ஊர்க்காரிக்கு அம்மானின் பெப்ரவரி ஒரு தண்டனை. ஸோபா என்று ஒரு ஹீட்டர், அதைச் சுற்றி வீட்டுக்காரர் எல்லாரும் உட்காருவார்கள், அதை விட்டு எழும்ப மனம் வராததால் அங்கேயே இருந்து அவர்கள் பேசுவதையெல்லாம் கேட்டேன். ஒரு வகையில் அந்தக் குளிருக்குத்தான் நான் கட்டணம் கட்டியிருக்க வேண்டும்.

அம்மானின் பிரச்சினை காசு. ஜோர்தான் தினார் டொலரோடு கட்டப்பட்டது, ஒரு தினார் 1.41 டொலர். நான் போனபோது 220 ரூபாவைச் சுற்றி இருந்தது, இன்றைக்கு 400ஐத் தாண்டிவிட்டது. ஒரு தேத்தண்ணி குடிக்கும்போதே மனதுக்குள் நெல் மூடைக் கணக்கு ஓடும். அதோடு மேற்கு அம்மானில் இங்கிலீஷ் தாராளமாகப் புழங்குகிறது, வெளிநாட்டு முகத்தைக் கண்டதும் "ஹலோ, வெல்கம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அதனால்தான் மருமகளுக்கு நான் சொன்னது இர்பித். வடக்கே, சிரிய எல்லைக்குக் கிட்ட, யர்மூக் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். 1976ல் தொடங்கிய பல்கலைக்கழகம், வெளிநாட்டவர்களுக்கு அறபு படிப்பித்த பழக்கம் நிறைய இருக்கிறது. வாடகையும் சாப்பாடும் அம்மானைவிடக் குறைவு. ஊரே மாணவர்களால் ஓடுகிறது, கம்பஸைச் சுற்றித்தான் கடைத்தெரு. முக்கியமாக, இங்கிலீஷில் தப்பிக்கும் வழி குறைவு, தமிழில் தப்பிக்கும் வழி இல்லையென்றே சொல்லலாம். அங்கத்தைய கிராமத்துப் பேச்சு கொஞ்சம் முரடு. காஃப் என்ற எழுத்தைச் சில பேர் "ச்" என்று உச்சரிப்பார்கள், கல்பு அங்கே கல்ப்தான், ஆனால் முதல் எழுத்து go என்ற இங்கிலீஷ் சொல்லில் வரும் ஜியின் சத்தத்தோடு. அம்மான்காரர் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாம் "என்னகா" என்றால் கொழும்பு ஆட்கள் சிரிக்காமலா இருக்கிறார்கள்?

தம்பியின் எதிர்வாதம் ஒன்றே ஒன்று, சண்டை. எல்லைக்குக் கிட்ட என்கிறாய், சுற்றிலும் யுத்தம், தோஹா பாதுகாப்பு என்றான். 2025 ஜூனில் ஈரான் சண்டையின்போது ஜோர்தான் வான்வெளியை மூடியது உண்மை, பத்து நாள் கழித்துக் கட்டாரும் மூடியது என்பதை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். அதன் பிறகு பேசவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். பெண் பிள்ளை, தனியாக, குளிர் நாடு. போகிற தவணைக்குக் கிட்ட நிலைமையைப் பார்த்துத்தான் டிக்கெட் போட வேண்டும், முன்கூட்டியே மலிவாகக் கிடைக்கிறது என்று திருப்பிக் கொடுக்க முடியாத டிக்கெட்டை வாங்கிவிடக் கூடாது.

ஊரிலேயே இருந்து ஒன்லைனில் படித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: நல்லது, மலிவு, நானும் இப்போது அந்த வீட்டுத் தாயோடு வட்ஸ்அப்பில் பேசித்தான் அறபைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஏற்கெனவே திறந்த வாய் மூடாமல் இருக்க அது உதவும். மூடிய வாயைத் திறக்க ஸோபாவும் குசினியும் வேண்டும்.

காசு கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. வகுப்பு நடக்க ஆகக் குறைந்தது எத்தனை மாணவர் வேண்டும், ஆள் சேராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு தனியார் மையத்தில் இடைநிலைக்குப் பணம் வாங்கிவிட்டு, ஆள் போதாது என்று என்னையும் இன்னொருத்தியையும் அலிஃப் பா படிக்கும் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். இரண்டு வாரம். காசைத் திருப்பித் தரவும் இல்லை. மேலே இருப்பவர்களைவிட இடைநிலைக்காரருக்குத்தான் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் ஆரம்ப வகுப்புத்தான் எப்போதும் நிறைகிறது.

சான்றிதழ்களை மொழிபெயர்த்து, கொழும்பில் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சி எடுத்து, பிறகு அந்தந்தத் தூதரகம் என்று அலைய வேண்டியிருக்கும், கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் இரண்டு மூன்று தரம் போய் வரத் தயாராக இருங்கள். திரும்பி வரும்போது கொப்பிகளையும், எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் தவணை என்று காட்டும் கடிதங்களையும் ஒன்றாகக் கட்டிக் கொண்டு வாருங்கள். 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு, அறபு எழுத்தைக் கண்டாலே சந்தேகப்பட்ட காலத்தில், என் உம்மா நான் அம்மானில் எழுதிய கொப்பிகளைப் பொலித்தீனில் சுற்றி அரிசிப் பெட்டிக்குள் வைத்திருந்தா. முழுக்கச் சமையல் சொற்கள். யாராவது வந்து பார்த்திருந்தால் வெங்காயத்துக்கும் கத்தரிக்காய்க்கும்தான் விளக்கம் கொடுத்திருப்பேன். அந்தப் பயம் இப்போது குறைந்துவிட்டது, ஆனாலும் கடிதம் கையில் இருப்பது நல்லது.

இப்போதைக்கு நிலைமை இதுதான். மருமகள் இரண்டு விண்ணப்பம் போடுகிறாள், கட்டாரின் புலமைப்பரிசிலுக்கு ஒன்று, யர்மூக்குக்கு ஒன்று. கட்டார் கிடைத்தால் தம்பி அவளை இர்பிதுக்கு விடமாட்டான் என்று எனக்குத் தெரியும், அப்படியானால் தோஹாவில் சிரியாவோ பலஸ்தீனமோ தாயகமான பிள்ளையோடு அறை கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். கட்டார் கிடைக்காவிட்டால் இர்பித்துதான், அங்கே முதல் தவணை செப்டெம்பர், ஒக்டோபரில் தொடங்கும், குளிருக்கு முன் இரண்டு மாதம் கிடைக்கும். காசைப் பற்றிக் கேட்டதற்குச் சிறுபோக வெள்ளாமை வெட்டி முடியட்டும் என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டான் தம்பி.